கிழக்கு பார்த்த நகரம்: சென்னையில் ஒரு சேலைப் படப்பிடிப்புக்கு இடம் தேடியது பற்றிய நிகழ்வு ஆய்வு

வேலை இதுதான். நெசவாளர்களிடமிருந்து நேரடியாகச் சேலை எடுத்து விற்கும் ஒரு சிறு நிறுவனம், புதிய வரவுகளுக்கு ஒரு விலைப்பட்டியல் புத்தகமும் இணையக் கடைக்கான படங்களும் வேண்டும் என்றது. பாதி காரைக்குடிக் கண்டாங்கி, மீதி பொள்ளாச்சியை ஒட்டிய நெகமம் பருத்தி. இரண்டு மாடல்கள், ஒரே நாள் கால்ஷீட், பிப்ரவரி மாதம், சென்னை எல்லைக்குள். "ஊர் தெரிய வேண்டும், ஆனால் சுற்றுலா அட்டைப் படம்போல இருக்கக் கூடாது" என்பது நிறுவனத்தை நடத்தும் அம்மையார் போட்ட ஒரே நிபந்தனை. இடம் பிடிப்பது என் பொறுப்பு.

அவரே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். மெரினா கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்கள், ஆர்மீனியன் தெருத் தேவாலயம், கண்ணகி நகர்ச் சுவரோவியங்கள், அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம், மயிலாப்பூர்க் குளம். கடைசி வரியில், ட்ரோன் பறக்கவிட முடியுமா என்ற கேள்வி. சென்னையில் படமெடுக்க நல்ல இடங்கள் என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இவற்றைத்தான் சொல்வார்கள். ஒன்றுகூட அழகில்லாத இடம் என்று தள்ள முடியாது. ஆனால் எந்த இடத்துக்கும் பக்கத்தில் மணி குறிக்கப்படவில்லை. நேரம் குறிக்காத இடப்பெயர், புறப்படும் நேரம் அச்சிடாத ரயில் டிக்கெட் மாதிரி. ஊர்ப்பெயர் சரியாகவே இருக்கும், போய்ச் சேரத்தான் வழி தெரியாது.

நகரத்தில் அழகான பின்னணிக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பின்னணி மீது நல்ல வெளிச்சம் விழும் நேரம், அந்த நேரத்தில் அங்கே நிற்க நமக்கு இருக்கும் உரிமை, நிற்கும் பெண்ணுக்குச் சேலை மாற்ற ஒரு கதவு ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடிவருவதுதான் அபூர்வம். இந்த வேலையில் எந்த இடம் நின்றது, எது விழுந்தது என்பதற்கெல்லாம் காரணம் அந்த மூன்றில் ஒன்றாகவே இருந்தது.

சேலை கேட்ட பின்னணி

இடம் தேடப் போவதற்கு முன் சேலைகளைத் தரையில் விரித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். புகைப்படக் கலைஞரும் உடன் இருந்தார். கண்டாங்கி என்றால் பெரிய கட்டங்கள், அகலமான கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அடித்துச் சொல்லும் நிறங்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தச் சேலையைப் பற்றி எழுதாதவர் இல்லை, படமெடுக்காதவரும் இல்லை. அந்தப் படங்களில் பெரும்பாலானவை செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில், ஆத்தங்குடி ஓட்டுத் தரையில் எடுக்கப்பட்டவை. கட்டம் போட்ட சேலை, பூப்போட்ட தரை, கடைசல் தூண், வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒரே படச் சட்டத்தில். பார்ப்பவர் கண் எங்கே போய் உட்காரும்? சேலைக்குக் கொஞ்சம் வெறுமை தேவை என்பது என் அபிப்பிராயம். வெறும் சுவர், வெறும் வானம், வெறும் தரை, இவற்றில் ஒன்றாவது வேண்டும்.

நெகமம் வேறு வகைச் சிக்கல். அதிலும் கட்டங்களும் கோடுகளும் உண்டு, ஆனால் சிலவற்றில் அவை பொடியானவை. பொடிக்கட்டத் துணியைக் குறிப்பிட்ட தூரத்திலிருந்து டிஜிட்டல் கேமராவில் எடுத்தால், துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். மோயர் என்பார்கள். சென்சாரின் புள்ளி வரிசையும் நூல் வரிசையும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. நெருங்கிப் போனால் மறையும், விலகிப் போனாலும் மறையும், கோணத்தைச் சற்றுத் திருப்பினாலும் மறையும். ஆகவே நெகமம் எடுக்கும் இடத்தில் கேமரா முன்னும் பின்னும் தாராளமாக நகர இடம் இருக்க வேண்டும். குறுகிய சந்தில் அது முடியாது. அந்தச் சேலைகளுக்கு விசாலமான இடம் என்று அப்போதே குறித்துக்கொண்டோம்.

இன்னொன்று, கண்டாங்கியைப் பழைய முறையில் பின்கொசுவம் வைத்துக் கட்டினால் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். பாதம் தெரியும். பாதம் தெரிந்தால் தரை தெரியும். வெற்றுக் காலோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தரை நண்பகலில் எப்படிச் சுடும் என்பதும் இடத்தின் தகுதியில் சேர்ந்துவிடுகிறது.

கிழக்கு பார்த்த முகங்கள்

சென்னையின் பெருமைக்குரிய கட்டடங்களில் பல கடலைப் பார்த்து நிற்கின்றன. காமராசர் சாலையில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்த பல்கலைக்கழக செனட் இல்லம், மாநிலக் கல்லூரி, பனிக்கட்டி வைக்க 1842இல் கட்டப்பட்டு இன்று விவேகானந்தர் பெயரைத் தாங்கி நிற்கும் ஐஸ் ஹவுஸ், இராணி மேரிக் கல்லூரி என்று ஒரே வரிசை. கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே இவற்றின் முகத்தில் நேர் வெயில் விழுவது காலையில் மட்டுமே. பிப்ரவரியில் சூரியன் ஆறரை மணியளவில் எழுகிறது. அதன்பின் கொஞ்ச நேரம் அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் தேன் நிறத்தில் இருக்கும். பிறகு வெயில் வெளுத்துவிடும். நண்பகலைத் தாண்டினால் முகம் முழுக்க நிழல், பின்னால் வானம் பளீர். மாலையில் காற்று வாங்கப் போனவர்கள் எடுத்த படங்களில் இந்தக் கட்டடங்கள் சாம்பல் பூத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

வெப்ப மண்டலத்தில் இன்னொரு கெடுபிடியும் உண்டு. இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகிறது. ஐரோப்பியப் பாடப் புத்தகங்கள் வர்ணிக்கும் நீண்ட பொன்மாலை நமக்கு இல்லை. பொன்னிறம் வந்தது தெரிவதற்குள் போய்விடும். ஆகவே ஒரு விடியலில் ஓர் இடம், ஓர் அந்தியில் ஓர் இடம், அவ்வளவே கணக்கு. காலை ஒளியைக் காமராசர் சாலைக்குக் கொடுத்தால் வேறெங்கும் கொடுக்க முடியாது.

அதற்கு அந்தச் சாலை தகுதியானதா? கட்டடங்கள் எல்லாம் வளாகச் சுவருக்கும் கம்பி வேலிக்கும் பின்னால் இருக்கின்றன. உள்ளே போக அந்தந்த நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் கட்டணமும் வேண்டும். வெளியே நடைபாதையில் நின்றால் மாடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே வேலி, மரம், விளக்குக் கம்பம் எல்லாம் வரும். எதிர்ப்பக்கம் மணலில் நின்று நீண்ட லென்ஸில் இழுக்கலாம், ஆனால் நடுவே ஓடும் சாலையை மறிக்கக் காவல்துறை அனுமதி இல்லாமல் முடியாது. விளம்பரப் படத்துக்காக விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்களை ஒதுங்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, விருப்பமும் இல்லை. ஜனவரியாக இருந்திருந்தால் குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகை வேறு சேர்ந்திருக்கும்.

காற்றும் கணக்கில் வந்தது. கடற்கரையில் முந்தானை பறக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று, அதை நம்பி எந்தப் பருத்தி முந்தானையும் எழாது. கடற்காற்று எழும்போது வெயில் உச்சியில் இருக்கும். முந்தானை பறக்கும் மணியும் கட்டடம் மின்னும் மணியும் இந்தக் கரையில் ஒன்றாக வருவதில்லை.

ட்ரோன் பேச்சு இதைவிடச் சீக்கிரம் முடிந்தது. அந்தச் சாலையின் வடகோடியில் தலைமைச் செயலகம் இயங்கும் புனித ஜார்ஜ் கோட்டை. பக்கத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். அடையாறு. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்பரப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தாலே போதும், அங்கே பறக்கவிட முடியாது என்பது தெரிந்துவிடும், யாரிடமும் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

விட்டுவிட்ட இடங்கள்

ஆர்மீனியத் தேவாலயத்தை நான் பார்த்த உடனே விட்டேன். 1772இல் எழுந்த கட்டடம், ஜார்ஜ் டவுன் இரைச்சலுக்கு நடுவே நம்ப முடியாத அமைதி, நிழல் விழும் முற்றம். புகைப்படக் கலைஞர்கள் இதற்கு ஆசைப்படுவது நியாயமே. ஆனால் அந்த முற்றத்தில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். இங்கே வாழ்ந்து மடிந்த ஆர்மீனியர்கள் அவற்றின் அடியில் துயில்கிறார்கள். அதன்மேல் ஒரு பெண்ணை நிறுத்தி, கொசுவத்தைச் சரிசெய்து, "கொஞ்சம் சிரியுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மையாரிடம் காரணத்தைச் சொன்னேன். அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

கண்ணகி நகர் பற்றிப் பேச்சு நீண்டது. நகரின் ஆற்றோரங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்திய பெரிய குடியிருப்பு அது. அங்கே அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் ஓவியர்கள் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டும் சித்திரங்களை வரைந்த பிறகு கேமராக்கள் வரத் தொடங்கின. நிறம் அள்ளிக் கொட்டுகிறது, உண்மைதான். ஆனால் இரண்டு தடைகள் இருந்தன. சட்டத் தடையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆவது பிரிவு, எவை உரிமை மீறல் ஆகாது என்று வரிசைப்படுத்துகிறது. ஒரு கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடலாம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தையும் படமெடுக்கலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது, அது இந்த வரிசையில் அடங்கும். ஆனால் அந்த வாசகம் சிற்பத்தையும் கைவினைக் கலைப் படைப்பையும் பற்றிப் பேசுகிறதே ஒழிய, சுவரில் தீட்டிய ஓவியத்தை நிழற்படத்துக்கான அந்த விலக்கில் சேர்க்கவில்லை. திரைப்படத்துக்கு விலக்கு அகலமானது, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் எந்தக் கலைப்படைப்பும் காட்சியில் வரலாம். ஆக, அதே சுவரின் முன்னால் சினிமாப் பாட்டு எடுப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு, சேலை விளம்பரத்துக்குப் புகைப்படம் எடுப்பவருக்கு அப்படியே கிடைக்காது. ஓவியம் பின்னணியை முழுதாக நிறைக்கும் வணிகப் படம் என்றால் ஓவியரிடம் எழுதி வாங்குவதே முறை. கட்டாயம் ஒருபுறம் இருக்கட்டும், சுவரில் ஏறி நின்று வரைந்தவருக்குக் கூலி தராமல் அவர் நிறத்தை விற்பது எனக்கு உறுத்தும்.

இரண்டாவது தடைக்குச் சட்டப்பிரிவு எண் இல்லை. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் மனிதர்கள் சமைக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் வாசலைப் பின்னணியாக்கி, அவர்கள் வாங்க முடியாத விலையில் சேலை விற்பது என்ற எண்ணம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த வாசல்களில் இருக்கும் பெண்களையே மாடலாகக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, அவர்களோடு சேர்ந்து திட்டமிட்டால் வேறு கதை. அது வேறு ஒரு வேலை, ஒரு நாளில் ஆகாது.

உடைந்த பாலம்தான் என்னைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தது. சாந்தோமையும் பெசன்ட் நகரையும் இணைக்க 1967இல் கட்டி, 1977இல் வெள்ளத்தில் நடுப்பகுதி இடிந்து, அப்படியே நின்றுபோன பாலம். கிழக்கே கடல், மேற்கே அடையாற்றின் முகத்துவாரம். கிழக்குக் கடற்கரை நகரத்தில் சூரியன் நீரில் இறங்குவதைப் பார்க்கக் கிடைக்கும் வெகுசில இடங்களில் இது ஒன்று. அந்தி வேளையில் கழிமுகத்து நீர் செம்பாக மாறும். வெற்று வானம், வெற்று கான்கிரீட், எங்கள் சேலை கேட்ட வெறுமை அத்தனையும் இருந்தது. ஆனால் அறுந்த விளிம்பில் தடுப்பு இல்லை. பாலம் இடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, கான்கிரீட்டின் நிலையை நம்பி ஒரு குழுவை ஏற்றுவது சரியல்ல. மாடல் உடை மாற்ற அருகில் ஒரு கதவுகூட இல்லை, கேரவன் பக்கத்தில் வந்து நிற்கவும் வழி சரியில்லை. இருட்டிய பிறகு அங்கிருந்து இரண்டு பெண்களை அழைத்து வரும் பொறுப்பை ஏற்க எனக்கு மனமில்லை. பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் விளிம்பில்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள், தம்பி. மீன் பிடிக்கிற நாங்களே அங்கே போவதில்லை" என்றார். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

காலை: எதிர்ச் சுவரைத் தேடி

காலை ஒளியைக் கடைசியில் ஜார்ஜ் டவுனுக்குக் கொடுத்தோம். தேவாலயத்துக்காகப் போனபோது கண்ணில் பட்டது அதைச் சுற்றியிருந்த தெருக்கள். தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, ஆர்மீனியன் தெரு எல்லாம் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. இருபுறமும் இரண்டு மூன்று மாடிகள். இந்த அமைப்பில் காலை வெயில் தெருவின் மேற்குப் பக்கச் சுவர்களில் மட்டும் விழும். கிழக்குப் பக்கம் முழுதும் நிழல். வெயில் பட்ட சுவர், எதிர் நிழலுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும். கோடி ரூபாய் கொடுத்தாலும் அவ்வளவு பெரிய ரிஃப்ளெக்டர் வாடகைக்குக் கிடைக்காது. மாடலை நிழல் பக்கத்தில் நிறுத்தினால் முகத்தில் மென்மையான ஒளி, கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி, புருவத்துக்கடியில் கறுப்பு இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த ஒளி வெயில் பட்ட சுவரின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு வரும். எதிரே மஞ்சள் சுவர் இருந்தால் முகம் காமாலை கண்டதுபோல் ஆகும், பச்சை இருந்தால் கேட்கவே வேண்டாம். சேலையின் நிறமும் மாறும். இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்கியவர் நிறம் வேறு என்று திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டம் சிறு வியாபாரிக்குப் பெரிது. ஆகவே நாங்கள் மாடலின் முதுகுக்குப் பின்னால் வரப்போகும் பழைய கதவையும் தேக்குத் தூணையும் தேடுவதைவிட, அவள் முகத்துக்கு எதிரே வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிறச் சுவர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் தேடினோம். அப்படிப்பட்ட சுவர் கிடைத்த இடங்களில், அதற்கு நேர் எதிரே நிழலில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தோம். ஓரிடத்தில் பூட்டிய மரக்கதவு, இன்னோரிடத்தில் நீலம் வெளிறிய இரும்பு ஷட்டர். அரக்கு நிறக் கண்டாங்கிக்கு அந்த நீலம் பொருந்தியதுபோல் எந்த அரண்மனைச் சுவரும் பொருந்தியிருக்காது.

கிழமை ஞாயிறு என்று அப்போதே முடிவாயிற்று. மற்ற நாளில் அந்தத் தெருக்களில் மீன்பாடி வண்டிக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் நடுவே நம் காலை ஊன்றவே இடம் இருக்காது, அவர்கள் பிழைப்பை நாம் கெடுத்ததாகவும் ஆகும். ஞாயிறு காலையில் மொத்த வணிகக் கடைகளில் பெரும்பாலானவற்றின் ஷட்டர் இறங்கியிருக்கும். டிரைபாட் வைக்கவில்லை. கேமராவைக் கையில் வைத்திருந்தால் வழிப்போக்கர், டிரைபாடை விரித்தால் படக்கம்பெனி என்பது நம்மூர்த் தெருக்களின் எழுதாத சட்டம். அதற்காக அனுமதியைத் தவிர்க்கவில்லை. காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கியிருந்தோம், கதவுக்கும் ஷட்டருக்கும் உரியவர்களிடம் முந்தைய வாரமே பேசிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். அருகிலிருந்த ஒரு விடுதியில் அறை எடுத்து உடை மாற்றும் இடமாக வைத்துக்கொண்டோம். கேரவன் அந்தத் தெருவுக்குள் திரும்பவே திரும்பாது.

நடந்தது பெரும்பாலும் திட்டப்படியே. தேநீர்க் கடை திறந்தவுடன் ஒரு சிறு கூட்டம் கூடியது. "எந்த சேனல்?" என்று கேட்டார்கள். சேலைக் கடை என்றதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். மீதிப் பேரில் ஒரு பாட்டி மாடலின் கொசுவம் பின்னால் கட்டியிருக்கும் விதம் தவறு என்று சொல்லித் தானே வந்து இழுத்துச் சரிசெய்தார். அவர் கட்டிவிட்டது நிஜமாகவே நன்றாக இருந்தது. அந்தச் சேலையை அன்று அப்படியே எடுத்தோம்.

நண்பகல்: யாரும் அழகு என்று சொல்லாத இடம்

ஒன்பதரை மணிக்குமேல் வெளியில் எடுக்க முடியாது. வழக்கமாகக் குழுக்கள் அப்போது ஓய்வெடுத்து மாலைக்குக் காத்திருக்கும். ஒரே நாள் கால்ஷீட்டில் ஆறு மணி நேரத்தை வீணடிக்க முடியாது. மேற்கூரை இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஒளி வர வேண்டும், கேமரா பின்வாங்க இடம் வேண்டும், தரை சுடக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது பறக்கும் ரயில் நிலையம்.

கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டிய பாதை. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நிற்கும் அதன் நிலையங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. வணிக வளாகமாகவும் பயன்படும் என்று நினைத்துக் கட்டிய தளங்கள் பல இடங்களில் காலியாகவே கிடந்தன. நகரத்தார் அவற்றை அவலட்சணம் என்பார்கள். எனக்கு எப்போதும் கொஞ்சம் பாசம் உண்டு. உயர்ந்த கூரை, பருத்த தூண்கள், பக்கங்களில் பெரிய திறப்புகள். உச்சி வெயில் உள்ளே நேராக விழாது, தரையிலும் தூணிலும் பட்டுச் சிதறி, சாம்பல் கான்கிரீட்டின் நடுநிலை நிறத்தோடு வரும். நிறத்தைக் கெடுக்காத ஒளி. பொடிக்கட்ட நெகமத்துக்கு முன்னும் பின்னும் நகர வேண்டிய தூரமும் இருந்தது.

பசுமைவழிச் சாலை நிலையத்தைத் தேர்ந்தோம். ரயில்வே இடத்தில் வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதியும் கட்டணமும் உண்டு, விண்ணப்பித்தவுடன் கையில் கிடைத்துவிடாது. இதற்கான வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கினேன். தண்டவாளத்துக்கும் பிளாட்பார விளிம்புக்கும் அருகே போவதில்லை, பயணிகளின் வழியில் நிற்பதில்லை, பயணிகள் முகம் படத்தில் அடையாளம் தெரியும்படி வராது என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். ஞாயிறு நண்பகலில் அங்கே கூட்டம் குறைவு என்பது எங்களுக்குச் சாதகம்.

அம்மையாருக்கு இந்த இடத்தில் நம்பிக்கை வரவில்லை. "சிமெண்டுத் தூண் முன்னால் என் சேலையா?" என்றார். எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும், அதனால் ஒரு கடுகு மஞ்சள் சேலையை அங்கே எடுத்துப்போய்த் தூணருகே பிடித்துக்கொண்டு போனில் படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவர் அனுப்பியது அன்று எடுக்க வேண்டிய சேலைகளின் திருத்திய பட்டியல். அதில் நிலையத்துக்கென இருந்த எண்ணிக்கை கூடியிருந்தது.

மாலை: குளத்துக்கு மேற்கே ஒரு மாடி

மயிலாப்பூர்க் குளம் காலையில் யாரையும் ஏமாற்றும். கோயிலுக்கு மேற்கே குளம் இருக்கிறது. குளக்கரையிலிருந்து கோபுரத்தைப் பார்த்தால் கிழக்கு நோக்கிப் பார்க்கிறோம், காலைச் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் நின்று கண்ணைக் கூசவைக்கும். மாலையில் எல்லாம் தலைகீழ். சூரியன் நம் முதுகுப் பக்கம், மேலைக் கோபுரமும் அதற்குப் பின்னால் 1906இல் எழுப்பிய, 120 அடி உயரக் கீழைக் கோபுரமும் ஒளியில் நிறைந்திருக்கும், குளத்து நீர் அதைத் திருப்பிக் காட்டும். மெரினா காலைக்கு என்றால் இது மாலைக்கு.

தரையில் நின்று எடுப்பது இப்போது நடக்காது. மெட்ரோ ரயில் வேலைக்கான தடுப்புத் தகடுகள் மயிலாப்பூரின் பல தெருக்களில் நிற்கின்றன. இணையத்தில் பார்க்கும் படங்களில் பாதி அதற்கு முந்தையவை, அவற்றை நம்பிக் குழுவைக் கூட்டிப் போகக் கூடாது. தவிர, ஞாயிறு மாலை மாட வீதிகளில் நெரிசல். தை மாதத் தெப்பத் திருவிழா முடிந்துவிட்டதா என்பதையும், அன்று பிரதோஷம் இல்லை என்பதையும் பஞ்சாங்கத்தில் பார்த்த பிறகே தேதியைக் குறித்தோம். வழிபட வருகிறவர்களின் நாளில் நாம் போய் நிற்பது அழகல்ல.

தீர்வு மாடி. குளத்துக்கு மேற்கே இராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் ஒரு வீட்டின் மொட்டைமாடியை அரை நாள் வாடகைக்குப் பேசினேன். வீட்டுக்காரருக்குச் சந்தேகம் படம் பற்றியதல்ல, மாடிக்குச் செருப்போடு ஏறுவீர்களா என்பதுதான். வடகம் காயப்போடும் இடமாம். எல்லோரும் செருப்பைக் கீழேயே விட்டோம். அங்கிருந்து பார்த்தால் தடுப்புத் தகடுகளும் நெரிசலும் கைப்பிடிச் சுவருக்குக் கீழே மறைந்துவிடும், படச் சட்டத்தில் நீர், கோபுரம், வானம் மட்டும். மாடலுக்கு உள்ளே ஓர் அறை, கண்ணாடி, கழிவறை, ஃபேன். கூட்டம் கூட வழியில்லை. கடற்காற்றும் அந்த நேரத்தில் இருந்தது, முந்தானை தானாகவே எழுந்தது, அதுவும் கோபுரப் பக்கமிருந்து கேமராவை நோக்கி.

கோபுரத்தைத் தெளிவாகக் காட்டாமல் சற்று மங்கலாக வைப்பது என்று புகைப்படக் கலைஞர் முடிவெடுத்தார். சேலை விற்கும் படத்தில் கோயில் பொருளாகிவிடக் கூடாது என்ற தயக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஊர் தெரிய வேண்டும் என்ற நிபந்தனைக்கு அந்த மங்கலே போதுமானதாயிற்று. ஆறு மணி தாண்டி வெளிச்சம் மங்கியபோது ஒரு சேலை பாக்கி இருந்தது. அதை மாடிப் படிக்கட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். புகைப்படக் கலைஞர் கேமராவைப் பையில் வைத்துவிட்டார். அந்தச் சேலை பின்னர் வெள்ளைத் திரை முன்னால் எடுக்கப்பட்டது.

புத்தகத்தின் அட்டைக்கு மொட்டைமாடிப் படம் போனது, எதிர்பார்த்ததுதான். உள்ளே அதிகப் பக்கங்களை ரயில் நிலையம் பிடித்தது. இணையக் கடையில் நீல ஷட்டர் படத்தை முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி கேமராவுக்கோ விளக்குக்கோ போகவில்லை. விளக்கு நாங்கள் வாடகைக்கே எடுக்கவில்லை. அனுமதிக் கட்டணம், விடுதி அறை, மாடி வாடகை, வண்டி, சாப்பாடு, பேட்டா, இவைதான். படங்களை எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதை மாடல்களோடும் கட்டட உரிமையாளர்களோடும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு அதே படத்தைப் பெரிய விளம்பரப் பலகையில் போட வேண்டும் என்றால் மீண்டும் பேச வேண்டும்.

அதே நிறுவனம் ஜூன் மாதத்தில் இன்னொரு தொகுப்பு எடுக்க விரும்புகிறது, அதே இடங்கள் போதும் என்கிறார் அம்மையார். அப்படியே போதாது. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்கே நிற்கும். பிப்ரவரியில் தென்மேற்கிலிருந்து கோபுரத்தில் விழுந்த மாலை ஒளி ஜூனில் வடமேற்கிலிருந்து வரும், அந்த மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நாங்கள் மாடலை நிறுத்திய இடத்தை மூடிவிடும். ஜார்ஜ் டவுனில் விடியல் முன்னதாகவே வரும், ஆறு மணிக்கே குழு அங்கே நிற்க வேண்டும். ஆண்டில் பாதி நாளுக்குமேல் நேர் வெயில் அவ்வளவாகப் படாத வடக்கு பார்த்த சுவர்கள் அப்போது திறக்கும். எழும்பூர்ப் பக்கம் அப்படிச் சில சுவர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அங்கே விடுமுறை, மற்ற நாள்களில் பார்வையாளர்கள் இருப்பார்கள். எந்த நாளில், எந்த மணிக்கு விடுவார்கள் என்று கேட்டு விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறேன்.